இசக்கியம்மாள் வேதக்காரியான வெள்ளிக்கிழமை

வரலாறு நடத்தப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, போன வாரம் உங்களில் ஒரு தங்கை என்னைப் போனில் கூப்பிட்டாள். "டீச்சர், ஒன்பதாங் கிளாஸுக்கு ரோமப் பேரரசு நடத்தணும். அதுல கிறித்தவம் வளந்த கதை வருதுல்லா, அத நடத்தவா, இல்ல வீட்டுல வாசிச்சுக்கிடுங்கன்னு சொல்லித் தாண்டிரவா? யாராவது வந்து ஏதாவது சொல்லிட்டா என்ன செய்ய?" என்று கேட்டாள். பயம் நியாயமான பயம்தான். தாண்டாதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். எனக்கு வாய் நீளம் என்பது தென்காசி முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பாடத்தில் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இரண்டு. எந்த வருடம் எந்த வகுப்பு என்றாலும் இந்த இரண்டும் வந்துவிடும். முதலாவது, "படை கிடையாது, பணம் கிடையாது, ராஜா ஆதரவு கிடையாது, கும்பிட்ட ஆளையே சிலுவையில அறைஞ்சாச்சு. பெறகு எப்படி டீச்சர் இவ்வளவு பேரு சேந்தாங்க?" இரண்டாவது, "பேரரசர் சிலை முன்னால ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டா விட்டுருவாங்கன்னா, போட்டுட்டுப் போக வேண்டியதுதான? ஒரு சிட்டிகையில என்ன குறைஞ்சுரும்?"

இந்த இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊரில் சாம்பிராணி தெரியாத பிள்ளை கிடையாது. வெள்ளிக்கிழமையானால் கடைத்தெருவில் புகைமூட்டம்தான். சாமி வேறு வேறாக இருந்தாலும் சாம்பிராணி எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளிடம், "ஒரு சிட்டிகை போட மாட்டேன் என்று சொல்லி உயிரை விட்டார்கள்" என்று சொன்னால் ஆச்சரியம் வரத்தானே செய்யும்?

அந்த ஆச்சரியத்தைப் பதில் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். வகுப்பை ரோம நீதிமன்றமாக மாற்றிவிடுவேன். ஒரு பிள்ளை ஆளுநர். ஒரு பிள்ளை குற்றவாளிக் கூண்டில். சாட்சிகள் இரண்டு மூன்று பேர். யார் என்ன பேச வேண்டும் என்று எழுதித் தர மாட்டேன். பாடத்தை நடத்திவிட்டு, "உங்களுக்குத் தோணுறத உங்க வாயால சொல்லுங்க" என்று விட்டுவிடுவேன். ஒரே ஒரு விதி. கூண்டில் நிற்பவரிடம் ஆளுநர் மூன்று முறை கேட்க வேண்டும், "நீ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளா?" என்று. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்ட ஆளுநர்கள் இருந்தார்கள். மூன்று முறையும் ஆமாம் என்றால் தண்டனை. இல்லை என்று சொல்லிச் சாம்பிராணி போட்டால் விடுதலை.

இன்னொன்றும் சொல்வேன். கிறித்தவர் என்கிற பெயரை அவர்களாக வைத்துக்கொள்ளவில்லை. வெளியே இருந்தவர்கள்தான் அந்தக் கூட்டத்துக்கு அப்படிப் பெயர் போட்டார்கள். தெருக்காரர்கள் வைத்த பெயர். அதனால் நீங்களும் புத்தக வார்த்தையை விட்டுவிட்டு நம் தெருவில் என்ன சொல்கிறோமோ அதைச் சொல்லுங்கள் என்பேன். நம் தெருவில் என்ன சொல்கிறோம்? வேதக்காரர். கோயில் என்றால் கோயில், சர்ச் என்றால் வேதக்கோயில். மதுரைக்கு வடக்கே போய் இந்த வார்த்தையைச் சொன்னால் வேதம் ஓதுகிற ஐயரைப் பற்றிப் பேசுவதாக நினைப்பார்கள். நம் பக்கத்தில் கிறித்தவர்களைத் தவிர வேறு யாரையும் அது குறிக்காது. எல்லா வம்பும் இந்த வார்த்தையில்தான் வந்தது.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததற்கு மறு வருடம். சீசன் நேரம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கூண்டில் நிற்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் இசக்கியம்மாள் கையைத் தூக்கினாள். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் அவள் அப்பா சுடலைமுத்துவுக்குப் பழக்கடை. சீசன் வந்தால் ரம்புட்டான், மங்குஸ்தான். மற்ற நாளில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் எடுத்து விற்பார். இவளும் கடையில் நின்று கூவிக் கூவிப் பழகியவள். கூண்டில் நிற்க அந்தத் தொண்டை போதாதா?

ஆளுநராக ஜாபர் என்ற பையன். பயந்துபோய்ச் சாம்பிராணி போட்டுவிடுகிற ஆளாக யாருமே வர மாட்டேன் என்றார்கள். கடைசியில் சாமுவேல் எழுந்தான். அவன் வீட்டார் வேதக்கோயில் சபையில் முக்கியமானவர்கள். "நீயாடா?" என்றேன். "யாராவது ஒருத்தர் பயப்படணும்லா டீச்சர்" என்றான். சரி என்றேன்.

விசாரணை திங்கட்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று சாயங்காலம் குற்றாலத்தில் நல்ல கூட்டம். இசக்கி கடையில் பழத்தை அடுக்கிக்கொண்டே வாய்க்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். அப்பா வியாபாரத்தில் இருந்தபடியே, "ஏட்டி, நேரமாச்சு பாரு, சாம்பிராணி போடு" என்றிருக்கிறார். இவளுக்கு அப்பா குரலும் ஆளுநர் குரலும் ஒன்றாகக் கேட்டிருக்கிறது போல. நிமிர்ந்து நின்று, கடைவீதிக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"போட மாட்டேன். நான் வேதக்காரி."

பழம் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் கரண்டியை எண்ணெயில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அந்தக் கடைக்குள் இசக்கியின் தாய்மாமன், வாசுதேவநல்லூரில் இருந்து வந்தவர், உட்கார்ந்திருந்தார். போதாதா? "ஒத்திகைப்பா, பள்ளிக்கூடத்துல நாடகம்ப்பா" என்று அவள் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. ராத்திரிக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போய்விட்டது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்து வேதத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று.

திங்கட்கிழமை காலையில் பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியையின் அறைக்கு வரச் சொன்னார்கள். போனால் சுடலைமுத்து நிற்கிறார், நாற்காலி போட்டும் உட்காராமல். மாமன் உட்கார்ந்திருக்கிறார். இசக்கி சுவரோரம் அழுது முகம் வீங்கிப்போய் நிற்கிறாள்.

மாமன்தான் பேசினார். "டிசியக் குடுங்க. பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறோம். படிச்சமட்டும் போதும்."

"ஊருல வேற பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியளா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"சேக்கோம், சேக்கல. அது எங்க பாடு."

சேர்க்க மாட்டார்கள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்படுகிற பெண் நம் பக்கத்தில் எங்கே போவாள் என்று உங்களுக்கும் தெரியும். மடிக்குப் பீடித் தட்டு வந்துவிடும். கொஞ்ச நாளில் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

சுடலைமுத்து என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "டீச்சர், நான் படிக்காதவன். இவ படிக்கட்டும்னுதான் கடையில ஆளு வைக்காம நானே கெடந்து சாகுதேன். இவ எங்க சாமியே வேண்டாம்னுட்டாளே. எங்க குலசாமி இசக்கி பேர இவளுக்கு வச்சது எங்கம்மா. நான் எங்க போயி முட்டிக்கிட?" என்றார்.

நான் விளக்கினேன். பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவர் புத்தகத்தைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் இடையிலே புகுந்து, "நாடகம்னா ராமாயணம் போடலாம்லா? இதத்தான் போடணுமா?" என்றார். ராமாயணம் ரோமாபுரியில் நடக்கவில்லையே ஐயா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

தலைமையாசிரியை என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷி. பிள்ளைகள் மேல் உயிர். ஆனால் பிரச்சினை என்றால் பயந்துவிடுவார். "டீச்சர், உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க முஸ்லிம்னு அவருக்குத் தெரியல. ஒரு வார்த்த சொல்லிருங்க. பாய் வீட்டுப் பொண்ணு எதுக்கு அவரு பிள்ளைய வேதத்துல சேக்கப் போறான்னு அவரே சிரிச்சுக்கிட்டுப் போயிருவாரு."

உண்மைதான். வகுப்பில் நான் முக்காடு போடுவதில்லை. எல்லோருக்கும் நான் வரலாற்று டீச்சர். பெயரைக் கேட்டாலொழிய நான் எந்த வீட்டுப் பெண் என்று வெளியாளுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும்.

"அது மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"அடுத்த வருஷம் இதே பாடத்த நம்ம மேரி டீச்சர் நடத்துவாங்க. இதே மாதிரி ஒருத்தர் வந்து நின்னா அவங்க என்ன சொல்லுவாங்க? நான் இன்னைக்கு முஸ்லிம்னு சொல்லித் தப்பிச்சுட்டா, வேதக்கார டீச்சர் நடத்தினா அது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே."

இளையவர்களே, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சுலபமான வாசல் திறக்கும். நீங்கள் அந்தச் சாதி இல்லை, அந்த மதம் இல்லை, அந்த ஊர் இல்லை என்று சொல்லி வெளியே வந்துவிடலாம். அதே நேரத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கிற ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறோமா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

"சரி, அப்ப ரெண்டாவது வழி" என்றார் தலைமையாசிரியை. கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. வகுப்பில் மதம் பேசியதற்கு வருந்துகிறேன், இனி அந்தப் பாடத்தை நடத்த மாட்டேன் என்று இரண்டு வரி. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. நான் பீரோவுல வச்சுப் பூட்டிருதேன். ஒரு கையெழுத்துல என்ன டீச்சர் குறைஞ்சுரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரமாக வகுப்பில் பிள்ளைகள் கேட்ட அதே கேள்வியை அதே வார்த்தையில் அவர் கேட்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு ஒன்றும் பெரிதாக ஆகிவிடாது. ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. இசக்கிக்குத்தான் எல்லாம் ஆகும். என் வீறாப்புக்கு அவள் படிப்பைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை? நான் அந்த ரோமாபுரிக்காரர்கள் மாதிரித் துணிந்த கட்டை கிடையாது. என் உயிரைக் கேட்டால்கூட யோசிப்பேன். இங்கே கேட்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை.

உள்ளே போய்ச் சுடலைமுத்துவிடம் சொன்னேன். "அண்ணாச்சி, இன்னைக்கு மத்தியானம் விசாரணை. உங்க மக என்ன பேசப் போறான்னு எனக்கே தெரியாது. நீங்க வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க. பாத்து முடிச்ச பெறகும் நான் செஞ்சது தப்புன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, இந்தத் தாளுல கையெழுத்துப் போட்டுத் தாறேன். பிள்ளையப் படிக்க விடுங்க. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க."

மாமன் வேண்டாம் என்றார். சுடலைமுத்து மகளைப் பார்த்தார். "நீ என்னட்டி சொல்லுத?" என்று கேட்டார். "பாருங்கப்பா" என்றாள் இசக்கி. அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

தலைமையாசிரியை தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "கெட்டுப் போனா ரெண்டு பேரும் சேந்துதான் கெட்டுப் போறோம். நானும் வந்து உக்காருதேன்" என்றார். பயம் போய்விடவில்லை. ஆனாலும் வந்தார். அந்த அம்மாவுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது.

மத்தியானம் மணி அடித்தது. மேடையில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பூகோள உருண்டை, அதற்குச் செய்தித்தாளில் கிரீடம். அதுதான் பேரரசர். எதிரே ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் சாம்பிராணிக்குப் பதில் சாக்பீஸ் தூள். ஜாபர் அவன் வாப்பாவின் வெள்ளைத் துண்டைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஆளுநராக உட்கார்ந்திருந்தான். பின்னால் மூன்று பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் சாட்சி ஒரு தெருக்காரி. "இவங்க ரத்தம் குடிக்காங்களாம், மனுசக் கறி திங்காங்களாம். சாமி செலையே கிடையாது. சாமி இல்லாத கூட்டம் ஐயா" என்றாள். அப்படித்தான் ரோமாபுரியிலும் வதந்தி ஓடியது. இரண்டாவது சாட்சி கறிக்கடைக்காரன். "கோயில்ல பலி குடுத்த ஆட்டுக் கறிய ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். ஏவாரமே படுத்துட்டு. இவங்கள உள்ள போட்டாத்தான் நான் பொழைக்க முடியும்" என்றான். பின்பெஞ்சில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சுடலைமுத்துதான். வியாபாரிக்கு வியாபாரி புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு சாமுவேலைக் கூப்பிட்டார்கள். ஆளுநர் முதல் தடவை கேட்டதுமே அவன், "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு ஐயா" என்று சொல்லித் தூளை எடுத்துப் பேரரசர் முன்னால் போட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தான்.

இசக்கி கூண்டில் ஏறினாள்.

"பேரு?"

"இசக்கியம்மாள்."

"ரோமாபுரியில ஏது இசக்கியம்மாள்?" என்றான் ஜாபர், பாடத்தை மறந்து.

"எங்க ஆச்சி வச்ச பேரு. அத மாத்த மாட்டேன்" என்றாள். சுடலைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"நீ வேதக்காரியா?"

"ஆமா."

"உங்க ஆளே சாம்பிராணி போட்டுட்டுப் போயிட்டான் பாரு. உனக்கு மட்டும் என்ன?"

"அவன் பயந்துட்டான் ஐயா. நாளைக்கு அழுதுக்கிட்டு வருவான். வந்தா சேத்துக்கிடுவோம்."

சாமுவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நானும்தான். பயந்துபோய் விலகியவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா கூடாதா என்று அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அதை நான் இன்னும் நடத்தவேயில்லை. இந்தப் பிள்ளை ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆளுநர் அடுத்ததைக் கேட்டான். "உங்க கூட்டம் எப்படி இப்படிப் பெருகுது? மந்திரம் வைக்கியளா? ஆளுக்கு ஏதாவது குடுக்கியளா?"

இசக்கி ஆளுநரை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க கூட்டத்துல எசமானும் அடிமையும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோம் ஐயா. புருசன் செத்தவளத் தள்ளி வைக்க மாட்டோம். ஊருல கொள்ளக் காய்ச்சல் வந்துச்சு. பெத்தவங்களே பிள்ளயத் தெருவுல போட்டுட்டு ஓடுனாங்க. வைத்தியரும் ஓடிட்டாரு. எங்காளுங்க ஓடல. தண்ணி குடுத்தாங்க, கஞ்சி குடுத்தாங்க. செத்தவன எந்தச் சாமி கும்புட்டான்னு கேக்காம எடுத்து அடக்கம் பண்ணுனாங்க. பொழச்சவன், எனக்குத் தண்ணி தந்தது யாருன்னு தேடிக்கிட்டு வந்தான். வந்தவன் அங்கனயே இருந்துட்டான். மந்திரம்லாம் ஒண்ணும் கிடையாது."

அதோடு அவள் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

"எங்க பெரியப்பா கொரோனாவுல செத்தப்போ சொந்தக்காரங்க ஒருத்தரும் கிட்ட வரல. முன்னப்பின்ன தெரியாத நாலு பேருதான் வந்து தூக்குனாங்க. அந்த மாதிரி ஐயா."

ரோமாபுரியில் ஏது கொரோனா என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேண்டாம் என்று சும்மா இருந்தேன். நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜாபர் இரண்டாம் முறை கேட்டான். ஆமாம் என்றாள். மூன்றாம் முறை கேட்டான். ஆமாம் என்றாள். அவன் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, "பேரரசர் உத்தரவுப்படி இவளச் சிங்கத்துக்குப் போடுங்க!" என்றான்.

"ஏலே, இருலே!"

வகுப்பே தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது. சுடலைமுத்து பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்தப் பிள்ள என்னலே தப்புப் பண்ணுச்சு? காய்ச்சக்காரனுக்குத் தண்ணி குடுத்தது ஒரு குத்தமாலே? நாதியில்லாதவனத் தூக்கிப் போட்டது ஒரு குத்தமா? அவ வேதக்காரியா இருந்தா இருந்துட்டுப் போறா, உனக்கு என்னலே? விடுலே அவள!"

ஜாபர் வெலவெலத்துப் போய்விட்டான். "அண்ணாச்சி, நான் ஒண்ணும் சொல்லல, பேரரசர்தான் சொல்லுதாரு" என்று உருண்டையைக் கைகாட்டினான்.

"பேரரசர்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார் சுடலைமுத்து.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்துவிட்டார். தலைமையாசிரியை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்போதுதான் சுடலைமுத்துவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. வெட்கப்பட்டுப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். இசக்கி கூண்டைவிட்டு இறங்கி ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்காமல்.

மாமன் மட்டும் சிரிக்கவில்லை. டிசி என்று மறுபடி ஆரம்பித்தார். "நீரு ஊருக்குப் பஸ்ஸப் பிடியும் மாப்ள" என்று சுடலைமுத்து முடித்துவிட்டார்.

வாசல் வரைக்கும் அவரோடு நடந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. "டீச்சர், அன்னைக்கு எங்க அண்ணனத் தூக்க வந்தவங்க உடம்பு பூரா மூடியிருந்தாங்க. மூஞ்சி தெரியல. எந்த ஊரு, எந்தச் சாமி, ஒண்ணும் கேக்கல. ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. அவங்களத் தேடிப் போகணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இவ மனசுல வச்சிருக்கா" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார். "டீச்சர், நீங்க வேதக்காரங்கதான?"

"இல்ல அண்ணாச்சி. நான் பாய் வீட்டுப் பொண்ணு."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? காலையிலயே சோலி முடிஞ்சிருக்குமே!"

"அதான் சொல்லல" என்றேன். அவருக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நான் அறைக்குத் திரும்பியபோது தலைமையாசிரியை அந்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டிருந்தார்.

எத்தனையோ வருடம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு பேரரசில் ஒரு சின்னக் கூட்டம் எப்படி வளர்ந்தது என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நல்ல சாலைகள், ஒரே மொழி, கடிதப் போக்குவரத்து, கடைசியில் ஒரு பேரரசரே அந்தப் பக்கம் சாய்ந்தது என்று எல்லாமே சரிதான். தேர்வுக்கு அவற்றை எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்ததை விட்டுவிடாதீர்கள். எனக்கே அதை அப்படிச் சொல்லிக் கொடுத்தது ஒரு பழக்கடைக்காரரின் மகள். என்னை நம்பிக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த அவள் அப்பாவுக்கும், பயந்துகொண்டே என் பக்கத்தில் வந்து நின்ற தலைமையாசிரியைக்கும் நான் கடன்பட்டவள். அந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் நானும் உங்களிடம் தாண்டிவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன மாதம் சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தேன். அன்றும் வெள்ளிக்கிழமைதான். இசக்கி இப்போது கல்லூரியில் வரலாறு எடுத்துப் படிக்கிறாள். கடையில் நின்று மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்து சுடலைமுத்துவின் குரல் கேட்டது.

"ஏட்டி வேதக்காரி! நேரமாச்சு, சாம்பிராணி போடுதியா இல்லையா?"

"மூணு தடவ கேக்கணும்ப்பா, அதுதான் சட்டம்" என்றாள்.

அவர் மீதி இரண்டு தடவையையும் சத்தமாகக் கேட்டார். பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இசக்கி என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கங்கில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.